சீனி குடிக்காத தண்ணீர்

ஏப்ரல் 5, ஞாயிறு

வியாழக்கிழமை மத்தியானம் ஆவுடை மதினி போயிட்டாங்க. அன்னையிலேர்ந்து சீனி ஒரு பருக்கை தொடல.

சீனிங்கிறது மதினி வளர்த்த பொமரேனியன். பதிமூணு வயசு. பாதிப் பல்லு கிடையாது. தூக்கினா கையில ஒண்ணும் இருக்காது, முடிதான். நல்லா இருக்கிறப்பவே ஆயிரம் நொரநாட்டியம் பண்ணும். பால் வச்சேன், மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. இட்லிய உதுத்து வச்சேன். மோந்து பாத்துட்டு, இதையா எனக்குங்கிற மாதிரி என்னையப் பாத்துச்சு. எனக்குக் கோவம் வந்துட்டு. "ஒனக்கு ஊட்டி விட நான் என்ன ஆவுடையம்மாளா?"ன்னு கேட்டேன். பேரைக் கேட்டதும் காதைத் தூக்கி வாசலப் பாத்துச்சு.

மதினி எப்படித்தான் ஊட்டுவாங்களோ தெரியாது. தினமும் மூணு மணி வாக்குல, நான் கண்ணசர்ற நேரமாப் பாத்து, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஊட்டுவாங்க. யாராவது பாத்தா அது சாப்பிடாதாம். வெளிய எனக்குக் குரல் மட்டும் கேக்கும். "ம்… ம்… ஆச்சு, இன்னும் ஒரு வாய்." அண்ணன் இருந்த காலத்துலேர்ந்து இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்தும் நான் அந்தக் கதவைத் திறந்து பாத்ததில்ல.

மதினி உயிர் போன எடத்துல, அவங்க ரூம்ல, விளக்கேத்தி ஒரு செம்புத் தண்ணி வச்சிருக்கோம். பதினாறு வரைக்கும் இருக்கணும். தினமும் தண்ணி மாத்துறது என் வேலை. மதினியோட மகன் குமரேசன் நேத்து புனாவுக்குத் திரும்பிட்டான். பதினாறுக்கு வருவானாம்.

கடைசியா மதினி என் கையப் பிடிச்சுக்கிட்டு, "உலகு, ரெண்டையும் எப்படி விட்டுட்டுப் போவேன், ரெண்டும் பட்டினி கெடக்குமே"ன்னாங்க. வீட்ல நாய் ஒண்ணுதான் இருக்கு. கடைசி நேரம் பாருங்க, கணக்குத் தப்பிப் போச்சு.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஆட்டோ பிடிச்சு நாயாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பிரிசில்லான்னு ஒரு சின்னப் பொண்ணு. சீனியோட பிடரித் தோலை ரெண்டு விரலால இழுத்து விட்டாங்க. தோல் திரும்பிப் படியவே இல்ல, தூக்கினபடியே நின்னுச்சு.

"ஒடம்புல தண்ணியே இல்ல ஆன்ட்டி. இப்படியே விட்டா கிட்னி போயிரும். அப்புறம் காப்பாத்த முடியாது" அப்படின்னாங்க. தோலுக்கடியில சலைன் ஏத்துனாங்க. முதுகுல ஒரு மேடு மாதிரி வந்துச்சு. தினம் இப்படி ஏத்திக்கிட்டே இருக்க முடியாதாம், வீட்ல அது தானாக் குடிக்கணுமாம்.

"சிக்கன் வேகவச்ச தண்ணி குடுத்துப் பாருங்க."

"எங்க வீட்டுக்குள்ள முட்டையே வராதும்மா."

"அப்ப பருப்புத் தண்ணி. உப்புப் போடாதீங்க. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. வெதுவெதுப்பாக் குடுத்தா வாசத்துக்கு வரும்."

ஊசி இல்லாத சிரிஞ்சு ஒண்ணு குடுத்து, கடைவாய்ப் பக்கமாக் கொஞ்சங் கொஞ்சமா விடச் சொன்னாங்க. நேரா தொண்டையில விட்டா புரையேறிருமாம். அதை வாங்குறப்ப என் கை நடுங்குச்சு. "ஆன்ட்டி, நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டாங்க. நாயைப் பாருங்கம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாய்க்குப் பாக்குற டாக்டருக்கு எதுக்கு இந்த விசாரணை.

ஏப்ரல் 8, புதன்

சிரிஞ்சுல விட்ட தண்ணி பூரா என் சேலையிலதான் இருக்கு.

ஏப்ரல் 11, சனி

பருப்புத் தண்ணி, பால், இளநீர், கஞ்சி. எதுக்கும் வாயத் தொறக்கல. வாயத் தொறந்து விடப் போனா கடிச்சுட்டு. பல்லில்லாத கடி, வலிக்கல. ஆனா எனக்கு அழுகை வந்துட்டு. கடிச்சதுக்கா அழுதேன்? தெரியல. வீட்ல என்னைத் தவிர மூச்சு விடுறது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா நான் யார்ட்டப் பேசுவேன்.

மத்தியானம் தேடுனா ஆளக் காணோம். மதினி ரூம்ல, விளக்கு முன்னாடி படுத்திருக்கு. மூக்கும் மீசையும் ஈரம். செம்புல தண்ணி ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு.

குடிச்சிருக்கு! மதினிக்கு வச்ச தண்ணியக் குடிச்சிருக்கு. திட்டத்தான் வாயெடுத்தேன். திட்டல.

எதுத்த வீட்டு வடிவு சித்தி வந்தப்ப விஷயத்தைச் சொன்னேன். "ஏட்டி உலகு, செத்தவளுக்கு வச்சதை நாய் குடிக்கலாமாட்டி?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. யார் குடிச்சா என்ன சித்தி, தாகத்துக்குத்தானே தண்ணின்னேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒண்ணு. நமக்கு இந்த வருஷம் நல்ல நாள் கிடையாது. சித்தி வீட்லேர்ந்து தட்டையும் வடையும் வந்துச்சு. எடுத்து வச்சிருக்கேன், சாப்பிடணும்.

தட்டையப் பாத்ததும் மதினி கைதான் ஞாபகம் வந்துச்சு. கல்யாணமாகி வந்த புதுசுல ஆட்டுக்கல்லுல மாட்டி வலது பெருவிரல் நசுங்கி, குறுக்கால ஒரு தழும்பு. மதினி எதை அமுக்குனாலும் அந்தக் கோடு விழும். தட்டையில விழும், அடையில விழும். தெருவுல எந்த வீட்டுக்குக் குடுத்து விட்டாலும் கோட்டைப் பாத்து இது ஆவுடை சுட்டதும்பாங்க.

சீனி செம்புத் தண்ணிய மட்டும் குடிக்குது. அதே கொடத்துலேர்ந்து மோந்து அதோட கிண்ணத்துல ஊத்துனா தொடாது. சாப்பாடு இன்னும் இல்ல. வயித்துல குழி விழுந்து கெடக்கு.

ஏப்ரல் 17, வெள்ளி

பதினாறு முடிஞ்சுது. குமரேசன் வந்தான், எல்லாம் முறையா நடந்துச்சு. நடந்ததை அப்படியே எழுதுறேன். கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.

மதினி ரூம்ல தலைவாழை இலை போட்டுப் படையல் வச்சோம். சோறு, பருப்பு, அவங்களுக்குப் பிடிச்ச கத்திரிக்காய்ப் புளிக்கறி, பாயாசம். சோத்தை நான்தான் கரண்டியால குவிச்சு வச்சேன். சூடம் காட்டி, எல்லாரும் வெளிய வந்து கதவைச் சாத்திட்டு நின்னோம். போனவங்க வந்து சாப்பிடுற நேரம், நாம எட்டிப் பாக்கக் கூடாது. உள்ள ஒரு சத்தமும் இல்ல. ஒரு தடவை மட்டும் இலை சரசரன்னுச்சு. ஃபேன் காத்தா இருக்கும்.

கதவைத் தொறந்தா உள்ள சீனி. எப்ப நுழைஞ்சுதோ, யாரும் பாக்கல. இலை முன்னாடி உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. எத்தனை நாளாச்சு அது வாய அசைச்சுப் பாத்து. குமரேசன், "சை, நாய் வாய வச்சிருச்சே அத்தை"ன்னு வெரட்டப் போனான். நான் அவன் கையப் பிடிச்சு நிறுத்திட்டேன்.

நான் குவிச்சு வச்ச சோறு குவியலா இல்ல. நெல்லிக்காய் அளவுல உருண்டை உருண்டையா இருந்துச்சு. ஒவ்வொரு உருண்டையிலயும் பெருவிரலால அமுக்குன குழி. குழிக்குள்ள பருப்புத் தண்ணி. சீனி ஒரு உருண்டைய எடுக்கும், சோத்தோட தண்ணியும் போயிரும்.

குழியில குறுக்கால கோடு இருந்துச்சு. நல்லாக் குனிஞ்சு பாத்தேன். யார்ட்டயும் சொல்லல. சீனி கடைசி உருண்டையையும் தின்னுட்டு.

ஏப்ரல் 18, சனி

குமரேசன் கெளம்பிட்டான். போறப்ப, "அத்தை, நாயை யார்ட்டயாவது குடுத்துட்டு எங்கூட வந்துருங்க"ன்னான். பாப்போம்னேன்.

முறைப்படி இன்னைக்குக் காலையில செம்புத் தண்ணியச் செடிக்கு ஊத்தி, விளக்கை எடுத்திருக்கணும். அடுப்படியில சீனிக்குக் குழி வச்ச உருண்டையாவே பிடிச்சு வச்சுப் பாத்தேன். என் விரல் அதுக்கு வேண்டாம் போல. திரும்பிப் படுத்துக்கிச்சு.

அதனால மூணு மணிக்கு இலை போட்டேன். மதினி ரூம்ல சோறும் பருப்பும் வச்சு, சீனிய உள்ள விட்டு, கதவைச் சாத்திட்டேன். தொறந்தப்ப இலை காலி.

நாய்க்காகத்தான் செம்பை எடுக்கல. அது பொழைக்கிற வரைக்கும் இருக்கட்டும்.

ஏப்ரல் 22, புதன்

பிரிசில்லா டாக்டர் தோலை இழுத்து விட்டாங்க, டக்குனு படிஞ்சுது. ஈறு ஈரமா இருக்காம். "சூப்பர் ஆன்ட்டி, என்ன குடுத்தீங்க?" பருப்புச்சோறுன்னேன். "எப்படிக் குடுத்தீங்க?" அதுக்கு என்னத்தச் சொல்ல. கதவைச் சாத்திக் குடுத்தேம்மான்னேன். சிரிச்சாங்க.

அப்புறம் திடீர்னு என் கையப் பிடிச்சு, புறங்கைத் தோலை இழுத்து விட்டாங்க. என்னமோ பாத்துக்கிட்டே இருந்தாங்க. "ஆன்ட்டி, நீங்க ஒரு டாக்டரப் பாக்கணும்"னாங்க. வயசானா தோல் அப்படித்தாம்மா இருக்கும்னு சொல்லிட்டு வந்தேன்.

வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. வெயில்ல ஒடம்பு வத்தும் போல.

ஏப்ரல் 27, திங்கள்

மூணு மணிக்குக் கரண்ட் இல்ல. தெருவுல ஒரு சத்தமும் கிடையாது. நான் கதவுக்கு வெளிய சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தேன். உள்ள கேட்டுச்சு.

"ம்… ம்…"

ஃபேன்தான்னு எழுத வந்தேன். ஃபேன் ஓடல.

பயமா இருந்துச்சா? இருந்துச்சு. கையில முடியெல்லாம் நட்டுக்கிச்சு. ஆனா எந்திரிச்சுப் போகல. இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான நான் இத்தனை வருஷமும் மத்தியானம் தூங்குனேன். அப்படியே சுவர்ல தலைய வச்சுத் தூங்கிட்டேன். நல்ல தூக்கம்.

மே 1, வெள்ளி

வடிவு சித்திக்குத் தெரிஞ்சு போச்சு. மதினி ரூம்ல இலையையும் செம்பையும் பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டா. உள்ள காலெடுத்து வைக்கல.

"என்ன காரியம்ட்டி செய்யுத? பதினாறு கழிஞ்சும் தண்ணி வச்சா அவ எப்படிப் போவா? தெனமும் இலை போட்டு, வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்க."

"நாய் சாப்பிடணும்லா சித்தி."

"நாய்க்கு வச்சா நாய் மட்டுமா வரும்?"

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துட்டு. ஒங்க வீட்டுக்கா வரச் சொன்னேன், எங்க வீட்டுக்குத்தான வர்றாங்கன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம்தான் என்ன சொன்னேன்னு உறைச்சுது. சித்தி விறுவிறுன்னு எறங்கிப் போயிட்டா.

மே 4, திங்கள்

கத்திரி வெயில் இன்னைக்கு ஆரம்பம். காலையிலயே தரை சுடுது.

சீனி இன்னைக்கு அடுப்படிக்கு வந்து என் சேலையக் கவ்வி இழுத்துச்சு. சும்மா ஒரு உருண்டை பிடிச்சு, குழி அமுக்கி, பருப்புத் தண்ணி விட்டு நீட்டுனேன். வாங்கிக்கிச்சு. என் கையிலேர்ந்தே வாங்கிக்கிச்சு. அடுத்த உருண்டை கேட்டுக் குரைக்கவும் செஞ்சுது. அப்புறம் அதோட கிண்ணத்துலயே போய்த் தண்ணி குடிச்சு, மீசைய என் கால்ல தொடைச்சுட்டுப் போச்சு. பொழைச்சுக்கிட்டு. என் ராசாத்தி பொழைச்சுக்கிட்டு.

இனி இலை வேண்டாம். செம்பும் வேண்டாம். நாளைக்கு எடுத்துருவேன்.

மே 5, செவ்வாய்

எடுக்கல. இந்த வெயில்ல சீனிக்கு ராத்திரி தாகம் எடுக்கலாம். ஒரு செம்புத் தண்ணி இருந்தா என்ன குறைஞ்சு போச்சு.

மே 8, வெள்ளி

செம்பு மேல தட்டைக் கவுத்து மூடி வச்சிருந்தேன். பூச்சி விழக் கூடாதுல்ல. இன்னைக்குப் பாத்தா தட்டு பக்கத்துல கெடக்கு, தண்ணி பாதி இல்ல. சீனி காலையிலேர்ந்து என் மடியிலதான் இருந்துச்சு. இப்பல்லாம் அது மதினி ரூமுக்குள்ள போறதில்ல. வாசப்படியில நின்னு உள்ள பாத்து வாலாட்டும், அவ்வளவுதான்.

வெயிலுக்குத் தண்ணி வத்தத்தான் செய்யும்.

மே 9, சனி

வெயிலுக்குத் தட்டு நகராது.

மே 11, திங்கள்

குமரேசன் போன். "அத்தை, சாப்பிட்டீங்களா?" ஆச்சுன்னேன். "என்ன சாப்பிட்டீங்க?" தோசைன்னேன். தோசை மாவு புளிச்சு நாலு நாளாச்சு, கீழ ஊத்தணும்.

பசிக்கல, அதான் உண்மை. யாருக்காகச் சமைக்க? மதினி இருந்தா, "உலகு, சாப்பிட வா, ஆறுது"ன்னு மூணு தடவை கூப்பிடுவாங்க. நான் மூணாவது தடவைக்குத்தான் போவேன். போனதும் உப்பில்லன்னு சண்டை போடுவேன். மதினிக்குப் பிரஷர், எல்லாத்துலயும் உப்பு அரை உப்புதான். சண்டை போட்டுக்கிட்டே முழுச்சோறும் தின்னுருவேன். இப்ப உப்பு என் இஷ்டம்தான், சோறுதான் தொண்டையில எறங்க மாட்டேங்குது.

சீனிக்கு மட்டும் பருப்பு வேகவைக்கிறேன். நல்லாச் சாப்பிடுது.

மே 13, புதன்

காலையில குழாயடியில கண்ணு இருட்டி விழுந்துட்டேன். அடி ஒண்ணும் இல்ல. வடிவு சித்திதான் தூக்கி உக்கார வச்சா. மோர் குடுத்தா, ரெண்டு வாய் குடிச்சேன், வெளிய வந்துட்டு.

"பாத்தியா, அவ ஒன்னையும் கூட்டிட்டுப் போகப் பாக்கா"ன்னா. நாளைக்குச் சாயந்தரம் ஐயரைக் கூட்டிக்கிட்டு வருவாளாம். செம்புத் தண்ணியக் கொட்டி, ரூமைக் கழுவி, என்னமோ செஞ்சு கதவைப் பூட்டிருவாங்களாம். நான் சரின்னேன். வேண்டாம்னு சொல்ல ஒடம்புல தெம்பு இல்ல. போகட்டும், மதினியும் எத்தனை நாள்தான் இங்க கெடப்பாங்க.

கடைசி நாளாச்சேன்னு இன்னைக்குத் தண்ணிய நல்லா நெறைச்சு வச்சிருக்கேன்.

மே 14, வியாழன்

இன்னைக்கு அடுப்புப் பத்தவைக்கவே இல்ல. எந்திரிக்க முடியல. சீனிக்கு நேத்துப் பருப்புல கொஞ்சம் குடுத்துட்டு, கூடத்துப் பாயில சரிஞ்சவதான். எவ்வளவு நேரம் தூங்குனேன்னு தெரியல. கூப்பிட்டது கேட்டுச்சு. "உலகு, சாப்பிட வா, ஆறுது." கண்ணு தொறக்கல. ரெண்டாவது தடவையும் கேட்டுச்சு. மூணாவது தடவைக்கு எந்திரிச்சேன்.

மதினி ரூம் கதவு லேசாத் தொறந்திருந்துச்சு. சீனி வாசப்படி ஓரமா ஒதுங்கி எனக்கு வழி விட்டுச்சு. நான் உள்ள போனேன். பின்னாலயே கதவு சாத்திக்கிச்சு. காத்துதான்னு எழுத மாட்டேன். எழுதி என்ன ஆகப் போகுது.

செம்பு பக்கத்துல என் எவர்சில்வர் தட்டு இருந்துச்சு. என் பேர் வெட்டுனது, அடுப்படி அலமாரியில மேல் தட்டுல இருக்கிறது. அதுல சோத்து உருண்டை, நெல்லிக்காய் அளவுல, வரிசையா. ஒவ்வொண்ணுலயும் குழி, குழி நெறையப் பருப்புத் தண்ணி. ஆவி பறக்குது.

குழியில குறுக்கால கோடு. ஒரு உருண்டைய எடுத்து, பக்கத்துலயே என் பெருவிரலையும் அமுக்கிப் பாத்தேன். என் குழி மொழுமொழுன்னு இருந்துச்சு.

எனக்கு வந்தது பயமா, பசியான்னு கேட்டா சொல்லத் தெரியாது. மதினி, நீங்க போகலயா, எனக்காகவா இருக்கீங்கன்னு கேட்டேன். ஏன் போனீங்கன்னும் கேட்டேன். முதல் உருண்டைய வாயில வச்சேன். எறங்குச்சு. ரெண்டாவது எடுத்தப்ப என் காதுகிட்ட, ரொம்பக் கிட்ட, "ம்… ம்…"னு கேட்டுச்சு.

திரும்பிப் பாக்கல. பாத்தா சாப்பிட முடியாதுன்னு மதினிக்குத் தெரியும். அதான் எப்பவும் கதவைச் சாத்துவாங்க.

வெளிய சித்தி குரல் கேட்டுச்சு. ஐயரும் வந்திருந்தாரு போல. "ஏட்டி உலகு, கதவைத் தொற"ன்னு தெருக்கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா. சீனி கூடத்துலேர்ந்து விடாமக் குரைச்சுது. அது அப்படிக் குரைச்சு நான் கேட்டதே இல்ல. கொஞ்ச நேரத்துல தட்டுறது நின்னுட்டு. அவங்க போயிட்டாங்க.

செம்புத் தண்ணியும் குடிச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு. தட்டு காலியானதும் கதவு தானாத் தொறந்துச்சு. வெளிய சீனி, படையல் போட்டுட்டு நாம நிப்போமே, அதே எடத்துல உக்காந்து காத்துக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டும் பட்டினி கெடக்கும்னு சொன்னாங்களே, கணக்குத் தப்பல.

செம்பைக் கழுவி, தண்ணி நெறைச்சு, இருந்த எடத்துலயே வச்சுட்டேன். சித்தி திரும்ப வந்தா நான் பேசிக்கிறேன்.

சோத்துல உப்பே இல்ல. நாய்க்கு ஆகாது சரி, எனக்குமா? நாளைக்கு என் தட்டுல மட்டும் கொஞ்சம் போடச் சொல்லணும்.